நிலைவாசல் வெளிச்சம்

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் கிளம்பும்போது காலை ஏழு மணி. மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கேமரா பை, அதற்குள் மூன்று லென்ஸ்: 35 மி.மீ., 50 மி.மீ., 85 மி.மீ. மூன்றுமே எஃப் 1.8. மூன்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு கிலோ வராது. எதை எடுத்துப்போவது, எதை வீட்டில் விட்டுப்போவது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, முடிவு தெரியாமல் மூன்றையுமே பையில் போட்டிருந்தேன். முடிவு மலையில்தான் தெரியும் என்று தோன்றியது. ஏனென்றால் போன ஐப்பசியில் அதே மலையில், அதே வீடுகளில் நான் எடுத்த படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் என்னை அழைத்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "இங்க பெரியவங்க யார் வீட்டுலயும் உருப்படியா ஒரு போட்டோ இல்ல சார். ஆள் போயிட்டா ஆதார் கார்டுல இருக்கற மூஞ்சியத்தான் பெருசு பண்ணி மாலை போடறாங்க." தபால்தலை அளவில், சாம்பல் நிறத்தில், கண் பாதி மூடிய அந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை நானும் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். எழுபது, எண்பது வருஷம் வாழ்ந்தவருக்கு அது போதுமா? உயிரோடு இருக்கும்போதே ஊரில் உள்ள பெரியவர்களை எல்லாம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்தோம்.

ஐப்பசியில் நான் கொண்டுபோனது கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், கூடவே ஒரு ஃபிளாஷ். மழைக்காலம், வெளியே எடுக்க வழியில்லை, எல்லாமே வீட்டுக்குள். ஃபிளாஷ் போட்டால் முகம் தட்டையாகி, பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல் விழுந்தது. இரண்டாவது படத்திலேயே பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அடுத்த வெட்டு எப்போது விழும் என்று காத்திருக்கும் முகம் அது. ஃபிளாஷை அணைத்தால் ஷட்டர் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. என் கையும் ஆடியது, அவர்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். முகம் கலைந்துபோயிற்று. இருந்ததில் சுமாரானவற்றை ஒரு லேபில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். அங்கே, நான் கேட்காமலே, எல்லோரையும் வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார்கள். சுருக்கங்கள் போய், மூக்கும் கன்னமும் மெழுகு பூசியதுபோல் ஆகியிருந்தன. நண்பர் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பாட்டி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இரண்டாவது பயணம்.

கச்சிராயபாளையம் வரை சமவெளி. அங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. கோமுகி அணைப் பக்கம் பனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேல் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் வேறாக இருந்தது: ஒரு பக்கம் வெயில் கண்ணைக் கூசும், அடுத்த திருப்பத்தில் மலை நிழல் நீலமாக வண்டிக்குள் வந்து விழும். எதிர் இருக்கையில் ஒரு அம்மா தூங்கும் குழந்தையோடு இருந்தார். நிழல் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த முகங்கள் அழகாயின. வெயிலில் மூக்கின் நிழல் உதட்டின் மேல் கோடு கிழித்தது. நிழலிலோ கன்னம் முழுக்க ஒரே சீராக ஒளி படர்ந்தது. முகப்படத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்மையான வெளிச்சம், ஒரு பக்கத்திலிருந்து வந்தால் போதும். அது குறைவாக இருந்தால் அதைச் சமாளிக்கத்தான் லென்ஸ்.

பஸ் ஏறிக்கொண்டிருந்த கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி அளவு. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்வதால் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்கிறார்கள். நெடுங்காலம் இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிறந்தது. கல்வராயன்மலை வட்டத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். சுற்றுலா வருபவர்கள் கரியாலூர் படகுத் துறை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடுகிறார்கள். அருவியை எடுக்க எந்த லென்ஸ் ஆனாலும் போதும்.

வெள்ளிமலையில் நண்பர் பைக்கோடு நின்றார். கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போகும் பாதையில் கிளம்பினோம். சாமை அறுத்த தாள் கொல்லையில் கிடந்தது. ஊரில் இப்போது கான்கிரீட் வீடுகள்தான் அதிகம். ஆனால் பெரியவர்கள் இன்னும் பழைய கூரை வீட்டில்தான் இருக்கிறார்கள். மகனுக்குத் தொகுப்பு வீடு, அதன் பக்கத்திலேயே ஆயாவுக்குக் கூரை வீடு. கூரை தாழ்ந்து இறங்கியிருக்கும். இடுப்பை வளைத்துக் குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கிடையாது. குளிருக்கும் காற்றுக்கும் அதுதான் நல்லது. சாணி மெழுகிய தரை, புகை ஏறிக் கறுத்த மூங்கில், ஒரு மூலையில் அடுப்பு. உள்ளே வரும் வெளிச்சம் எல்லாம் நிலைவாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

இப்படி ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் லென்ஸைப் பற்றிப் படித்ததெல்லாம் எனக்குப் பிடிபட்டது.

முதல் கணக்கு வெளிச்சம். 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எண் சின்னதானால் வாய் பெரியது. எண்ணைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு இதுதான் முதலில் குழப்பும். 10 மடங்கு என்றால் என்ன? ஐப்பசியில் பதின்மூன்றில் ஒரு பங்கு வினாடியில் எடுத்துக் கலைந்துபோன அதே முகத்தை, சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை மாற்றாமலே, 125இல் ஒரு பங்கு வினாடியில் எடுக்கலாம். பேசிக்கொண்டிருக்கும் ஆளின் உதடு நிற்கும். அதற்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டியதில்லை. போட்டோகிராபர்கள் வாயில் 'ஃபிஃப்டி ஒன் பாயின்ட் எய்ட்' என்று புழங்கும் 50 மி.மீ. எஃப் 1.8, புதிதாக வாங்கினாலே பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம்தான். பழையது இன்னும் மலிவு. எஃப் 1.4க்குப் போனால் கிடைப்பது ஒன்றரை மடங்கும் கொஞ்சமும் கூடுதல் வெளிச்சம். விலையோ பல மடங்கு. அந்தப் பணத்தை மலைக்குப் போகும் பஸ்ஸுக்கும் பிரிண்டுக்கும் செலவிடுவது மேல்.

இரண்டாவது கணக்கு கை. முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் மி.மீ. அளவுக்குக் குறையாத வேகம் ஷட்டருக்கு வேண்டும் என்பது பழைய வழக்கு. என் கேமராவைப் போல் சின்ன சென்சார் உள்ளதென்றால் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50க்கு 75இல் ஒரு பங்கு வினாடி, 85க்கு 130இல் ஒரு பங்கு அளவு. இப்போது வரும் லென்ஸ்களிலும் கேமராக்களிலும் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது எடுப்பவரின் கை ஆட்டத்தைத்தான் தாங்கும். எதிரே இருப்பவர் மொச்சை உரித்துக்கொண்டே தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மனித முகத்துக்கு அந்த வசதியை நம்பி, வாய் சிறிய லென்ஸ் வாங்குவது தவறு என்றே சொல்வேன்.

மூன்றாவது கணக்குதான் என்னை மடக்கியது: வீட்டின் அகலம்.

முகப்படம் என்றால் 85 என்று எல்லாரும் சொல்வார்கள். மூக்கு பெரிதாகத் தெரியாது, முகம் அளவாக அமையும், பின்புலம் கரைந்துவிடும். எல்லாம் உண்மை. அந்த வீட்டு ஆயாவை வாசலுக்கு இரண்டடி உள்ளே மணையில் உட்காரவைத்து, முதலில் 85ஐத்தான் மாட்டினேன். கண்ணும் புருவமும் மட்டும் திரையை அடைத்துக்கொண்டன. பின்னால் நகர்ந்தேன். முதுகு சுவரில் முட்டியது. என் கேமராவில் 85ஐ வைத்து இடுப்பு வரை ஒருவரை அடக்க 10 அடி விலக வேண்டும். வீட்டின் மொத்த அகலமே அவ்வளவு இருக்காது. வெளியே போய் முற்றத்தில் நின்று வாசல் வழியாக எடுக்கலாம் என்று முயன்றேன். வாசலில் நான் நின்றதும் அவர் முகத்து வெளிச்சத்தை நானே மறைத்தேன். தவிர, உள்ளே இருட்டில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு வெளியே தள்ளி நின்று குறிபார்ப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆயா, "ஏன் தம்பி வெளிய நிக்கற? உள்ள வந்து குந்து" என்றார்.

உள்ளே போய்க் குந்தினேன். 85 பைக்குள் போனது. அன்று திரும்ப வெளியே வரவில்லை.

50ஐ மாட்டி ஐந்தரை அடியில் உட்கார்ந்தபோது தலை முதல் மார்பு வரை கச்சிதமாக அடங்கியது. அந்தத் தூரம் இரண்டு பேர் வெற்றிலை மடித்துக்கொண்டே பேசும் தூரம். மதியம் மூன்றரை மணி. ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 1.8, ஷட்டர் 125. சுவரில் தோளைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டபின் அழுத்தினேன். ஒரே அழுத்தில் மூன்று படம். மூன்றில் நடுப்படம்தான் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும், விரல் அமுக்கும் அதிர்வு முதல் படத்தோடு போய்விடும். இருட்டில் கேமரா கண்ணைத் தேடித் தடுமாறும். அதற்கு நான் செய்வது, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் இருக்கும் கண்ணின் இமைக்கோட்டில் குவிப்பது. இந்தத் தூரத்தில், எஃப் 1.8இல், கூர்மையாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். கண்ணைப் பிடித்தால் மூக்கு நுனி தேறும், காது கரையும். ஆயா கொஞ்சம் முன்னால் சாய்ந்து மொச்சையை முறத்தில் போட்டாலும் கண் கைவிட்டுப் போய்விடும். அவர் நிமிரும் வரை காத்திருந்தேன்.

இன்னொன்று, கேமராவின் மீட்டரை நம்பக் கூடாது. சுற்றிலும் கறுத்த சுவர், அதன் நடுவே மாநிறத்துக்கும் கூடுதலாகக் கறுத்த ஒரு முகம். இவ்வளவு இருட்டாக இருக்கிறதே என்று கேமரா தானாகவே எல்லாவற்றையும் வெளுக்கப் பார்க்கும். லேபில் செய்ததை அதுவே இங்கே செய்துவிடும். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்து வைத்தேன். அப்போதுதான் நெற்றியின் ஒரு பாதி ஒளிர்ந்து, மறு பாதி மெல்ல மெல்ல இருட்டுக்குள் இறங்கியது. கறுத்த தோலின் அழகு, அதில் ஒளி எண்ணெய்போல் வழுக்கி நிற்பது. கன்னத்து எலும்பின் மேல் ஒரு கோடு, மூக்குத்தியின் மேல் ஒரு புள்ளி, கழுத்துச் சுருக்கங்களில் அடுக்கடுக்காக வெள்ளி. வெளுப்பாக்கினால் முதலில் போவது அதுதான்.

பின்திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கண்ணின் கருவிழிக்குள் நிலைவாசல் முழுதாகத் தெரிந்தது. நெட்டுக்குத்தான வெள்ளைச் செவ்வகம், அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு மேடு, அது நான். இடது கண்ணில் புரை விழுந்திருந்ததால் அதே வாசல் பால் கலந்ததுபோல் மங்கலாகக் கிடந்தது. ஃபிளாஷில் எடுத்திருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வெள்ளை ஊசிமுனைதான் இருந்திருக்கும்.

வாசலிலும் ஜன்னலிலும் வரும் வெளிச்சத்தையே நம்பி முகத்தைப் படமாக்கியவர் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 'வீடு' படத்தில் சொக்கலிங்க பாகவதரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். முதுமையை அவர் அலங்கரிக்கவில்லை, விளக்கு போட்டு நாடகமாக்கவும் இல்லை. உலகத்தின் மறுகோடியில் ஸ்டான்லி குப்ரிக், 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க, நாசாவுக்காக ஸெய்ஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். அதுவும் 50 மி.மீ.தான். கூர்மையின் ஆழம் அவ்வளவு குறைவாக இருந்ததால் நடிகர்கள் அதிகம் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. வாய் எவ்வளவு பெரிதாகிறதோ, அந்த அளவுக்கு எதிரே இருப்பவரின் பொறுமையைக் கேட்கிறது லென்ஸ்.

இந்தக் கதை போட்டோகிராபி பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், முகப்படத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்பதற்காகவே கணக்குப் போட்டு ஒரு லென்ஸ் வடிவமைத்தார். நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த நிலை அதனால் மாறியது. அந்த வகை லென்ஸில்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் தன் முதல் படங்களை எடுத்தார். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் கேமராவைத் தொட்டவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களும் அறிஞர்களும் இன்றும் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம்தான். வீட்டு வேலையாட்களும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஒரு படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதுதான் தலைப்பு. அவர்களும் அவர் லென்ஸுக்கு முன்னால், அதே பொறுமையோடு மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள். பெயர் மட்டும் இல்லை. நம் பக்கத்திலும் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலைவாழ் மக்களின் படங்கள் உண்டு. அங்கும் ஆள் இன்னார் என்று இல்லை, இன்ன குலத்தார் என்றுதான் இருக்கும். என் படங்களின் பின்புறம் பெயரையும் ஊரையும் தேதியையும் பென்சிலில் எழுதித்தான் கொடுக்கிறேன். அவை அந்த வீட்டுக்குரியவை என்பதால் இந்தக் கட்டுரையில் எழுதவில்லை.

ஆயாவிடம் திரையைக் காட்டினேன். எனக்கு நெஞ்சு படபடவென்று இருந்தது. ஐப்பசியில் "இது யாரு?" என்று கேட்டவர் அவர்தான். பேத்தி ஓடிவந்து தோளில் சாய்ந்துகொண்டாள். "ஆயா, நீதான்! காதுகூட அப்படியே இருக்கு." ஆயா கேமராவைக் கையில் வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் படத்தின் வலது மூலையைத் தொட்டார்.

"இது என்னா தம்பி, கலங்கிக் கெடக்குது?"

பார்த்தேன். அவருக்குப் பின்னால், ஐந்தாறு அடி உள்ளே, ஒரு குதிர் இருந்தது. மூங்கிலில் முடைந்து மண்ணும் சாணியும் பூசியது. சாமை கொட்டிவைப்பது. என் படத்தில் அது பழுப்பாக ஒரு மேகம்போல் கரைந்திருந்தது. பின்புலம் அப்படிக் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் ஊரெல்லாம் எஃப் 1.8 வாங்குகிறது. நானும் அந்தக் கரைவை ரசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அது அவரு மொடைஞ்சது" என்றார். இறந்துபோன தாத்தா. "முப்பது வருசமா சாமை அதுலதான். அது இல்லாம என்ன படம்?"

நான் அதுவரை குதிரைப் பார்த்தேனே தவிர, கவனிக்கவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் முடைச்சல் தெரிந்தது. ஒரு வரிசை ஏறி ஒரு வரிசை இறங்கி, வாய் கிட்ட வரவரக் குறுகிப்போகும் பின்னல். கை எட்டும் உயரத்தில் பூச்சின் மேல் விரல் தடங்கள் காய்ந்து கிடந்தன. வருஷாவருஷம் மெழுகிய விரல் ஆயாவுடையது. உள்ளே இருக்கும் பின்னல் தாத்தாவுடையது. அந்த வீட்டில் தாத்தாவுக்கு வேறு படம் இல்லை.

அப்போதுதான் 35ஐ எடுத்தேன். உண்மையில் அது கடைசி நிமிடத்தில் பைக்குள் போட்ட லென்ஸ். என் கேமராவில் அது கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமான பரப்பைக் காட்டும். நாலைந்து அடியில் உட்கார்ந்தாலே ஆளும் குதிரும் சேர்ந்து அடங்கும். அதற்குமேல் நெருங்கி, இரண்டடிக்குள் போனால்தான் மூக்கு உப்பும். ஆயா எழுந்துபோய்க் குதிரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை, அவரே போனார். எனக்குத் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. வாசலை விட்டு உள்ளே போகப்போக வெளிச்சம் விழுந்துவிடுகிறது. குதிரடியில் அது வாசலில் இருந்ததில் கால் பங்குதான். அதே சமயம், முகமும் குதிரும் இரண்டும் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப் 1.8 ஆகாது, 2.8க்காவது சுருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சாண் ஆழமாவது கூர்மையாக விழும். வெளிச்சம் குறைந்த இடத்தில் வாயையும் சுருக்க வேண்டும் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும். 60இல் ஒரு பங்கு வினாடி, ஐ.எஸ்.ஓ. 4000.

4000இல் படத்தில் புள்ளி விழும். விழட்டும். புள்ளி விழுந்தால் முகம் போகாது. ஆட்டம் விழுந்தால் முகமே போய்விடும். வெளுப்பாக்காமல், நிழலை இழுத்துத் தூக்காமல் பிரிண்ட் போட்டால், அந்தப் புள்ளி கண்ணில் உறுத்தாது என்பது என் அனுபவம். 60இல் 35ஐக் கையில் பிடிப்பது முடியாத காரியமும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றினேன். ஆயாவிடம் அசையாமல் இருங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உடம்பு விறைத்து, ஆதார் முகம் வந்துவிடும். "தாத்தா இதை முடைய எத்தனை நாள் ஆச்சு ஆயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், குதிரின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே பார்த்தார். அந்த இரண்டு மூன்று வினாடி அவர் முழுவதும் அசையாமல் இருந்தார். ஒன்பது படம் எடுத்தேன்.

மறுபடியும் கேமராவை வாங்கிப் பார்த்தார். இந்த முறை விரல் முகத்தையும் தொட்டது, குதிரையும் தொட்டது. "இத குடு" என்றார்.

அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கொடுவாளையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்னொருவர், சரியாக நடக்க முடியாதவர், தன் வீட்டு வாசலில் தெரியும் கடுக்காய் மரம் படத்தில் வர வேண்டும் என்றார். யாருமே முகத்தை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் 35தான். 50ஐயும் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

மலையில் சூரியன் சீக்கிரம் போய்விடுகிறது. நாலே முக்காலுக்கு மேற்குச் சரிவின் நிழல் ஊரை மூடியது. ஐந்தேகாலுக்குப் பனி மரவள்ளிக் காட்டிலிருந்து எழுந்து முற்றத்துக்கு வந்தது. கடைசியாக ஒரு தம்பதியைத் திண்ணையில் உட்காரவைத்து எடுக்கும்போது எஃப் 1.8க்கே திரும்ப வந்து, ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 30இல் நின்றேன். அதற்கும் கீழே 15க்கு இறங்கியபோது, தாத்தா பாட்டியைப் பார்த்துத் திரும்பியது படத்தில் ஒரு புகைக்கோடாக விழுந்தது. கேமராவை அணைத்தேன்.

ஆயா வீட்டுக்குள் அடுப்பு மூட்டியிருந்தார். விறகு வெளிச்சத்தில் குதிர் செம்பு நிறமாகத் தெரிந்தது. நண்பரின் கை தானாகவே என் பையைக் காட்டியது. வேண்டாம் என்று தலையசைத்தேன். சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் தட்டில் வந்தன. பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் படம் யார் வீட்டுக்கு என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.